வலது இருக்கையில் ஒரு கேமரா

நண்பரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் சிரமத்தை உங்களுக்குத் தர மாட்டேன்; அதை நானே எப்போதோ சொல்லி முடித்துவிட்டேன். பட்டிமன்ற மேடைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எதிரணி எழுந்து நிற்பதற்குள் முடிவுரை தயாராகிவிடும். உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. கேட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

சென்ற வாரம் எங்கள் தீவின் கெலுகோரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் பெட்ரோல் சிந்திவிட்டது. பையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பழைய கிருமிநாசினிக் குப்பியை எடுத்து, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். பெட்ரோலும் கிருமிநாசினியும் கலந்த அந்த நெடி முகத்தில் அடித்ததும் வரிசையை விட்டு ஓரடி விலகினேன். மல்லிகையும் மண்வாசனையும் பிறருக்கு இளமையை மீட்டுத் தருமாம். எனக்கு வாய்த்தது இது.

அது ஒரு சிறிய விமானத்தின் வலது இருக்கையின் நெடி.

தீவிலிருந்து பாலம் தாண்டி எதிர்க்கரையில், தாசேக் கெலுகோர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, புல்தரையில் ஓர் ஓடுபாதை. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே இருவர் மட்டுமே அமரக்கூடிய குட்டி விமானங்கள். அவற்றை விமானம் என்று சொன்னால் பயணிகள் விமானம் எதுவும் கோபித்துக்கொள்ளும். தோளும் தோளும் உரச உட்கார்ந்து, முழங்காலைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். பொழுதுபோக்கிற்காகப் பறப்பவர்களின் சிறிய கிளப் அது. பள்ளி ஆசிரியர், இரும்புக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று கலவையான கூட்டம். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். பல் மருத்துவர். வாரம் முழுக்கப் பிறரை வாய் திறக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வாயை மூடவே மூடாதவர்.

பெருந்தொற்றுக்கு முந்திய அந்த ஞாயிறுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வலது இருக்கை காலியாகப் பறக்கக் கூடாது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஓடுபாதையின் உரிமையாளரும் மூத்த பயிற்றுநருமான ஜெரால்ட் அங்கிள் சொன்னார், அவ்வளவுதான். "ரெண்டு கண்ணு உள்ள பாக்கணும், ரெண்டு கண்ணு வெளிய பாக்கணும்" என்பது அவர் கொள்கை. காலையில் எஞ்சின்கள் சூடாகும்போது புல்வெளியின் நடுவில் நின்று கத்துவார்:

"ரைட் சீட்டு யாருலா? காலியா எவனும் கெளம்பாத!"

ஆள் இல்லாவிட்டால் பிடித்து ஏற்றுவார். காவலாளி ஏறியிருக்கிறார். செம்பனைக் குலை ஏற்ற வந்த லோரி ஓட்டுநர் ஏறியிருக்கிறார். புதிய விமானத்திற்குப் பூசை போட வந்த ஐயரை, தேங்காய் உடைத்த ஈரக் கையோடு, "நீங்க பூசை போட்ட பிளேனு, நீங்களே நம்பலேன்னா எப்படி?" என்று ஏற்றிவிட்டார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கண்ணை மூடிக்கொண்டே திரும்பினார்; வெளியே பார்க்க வேண்டிய இரண்டு கண்களும் அன்று விடுமுறையில் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, பக்கத்து மாநிலமான கெடாவின் வயல்வெளியில் இருந்த இன்னொரு புல்தரையில் இறங்கி, அங்கே ஒட்டுக்கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் கோப்பியும் முடித்துக்கொண்டு, வீட்டுக்கும் பொட்டலம் கட்டித் தாப்பாவ் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பசியாறப் பறந்தவர்கள் அவர்கள். உலகத்தில் அதைவிட நாகரிகமான காரணம் இருக்கிறதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவின் வலது இருக்கை பெரும்பாலும் எனக்கு. பறவை தெரிந்தால் கத்த வேண்டும் என்பது என் வேலை. "பருந்து! எடப்பக்கம்!" என்று எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தித்தான் இந்தத் தொண்டை உருவானது. பல்கலைக்கழக மேடையில் ஒலிவாங்கி பழுதானபோது கடைசி வரிசைவரை என் குரல் கேட்டதென்று நடுவர் பாராட்டினார். புகழில் பாதி பருந்துகளுக்குச் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெருமையைப் பங்கிடும் பழக்கம் எனக்கு இல்லை.

ஸ்டெல்லா அக்காவும் அந்த வழக்கத்தால்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் தாயோடு குடியிருந்தார். சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் கிளார்க். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, அங்கே போன உடையிலேயே, கிளப்புக்கு வந்திருந்த உதிரிப்பாகத்தை ஒப்படைக்க வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவரை ஜெரால்ட் அங்கிள் விடவில்லை. சித்தப்பாவின் பக்கத்தில் அன்று ஆள் இல்லை.

இறங்கியபோது அக்கா சிரிக்கவில்லை. காவலாளியும் லோரி ஓட்டுநரும் சிரித்தபடி இறங்கியவர்கள். இவர் விமானத்தின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டாக்டர், இதைக் கத்துக்க என்ன படிச்சிருக்கணும்?"

"தைரியம் இருந்தா போதும்மா. மத்ததை நான் சொல்லித் தரேன்."

சொல்லித் தந்தார்; அதை மறைப்பது நேர்மையாகாது. ஜெரால்ட் அங்கிளைத் தவிர பயிற்றுநர் தகுதி பெற்றிருந்தவர் சித்தப்பா ஒருவரே. அக்கா இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, சித்தப்பா வலப்பக்கம் உட்கார்ந்து திட்டினார். "ஸ்டெல்லா, நீ தரையிறங்கறியா, தரையைத் திட்டறியா?" "நீங்க வாயை மூடினா பூ மாதிரி எறக்குவேன் டாக்டர்." ஒருநாள் பூ மாதிரியே இறக்கினார். எழுத்துத் தேர்வுகளை எல்லாம் தேறினார். தனியாகவும் பறந்தார். பயிற்றுநரோடு இன்னும் சில பறப்புகள், பிறகு இறுதிச் சோதனை, அவ்வளவுதான் மிச்சம். ஆனால் அந்த எழுத்துத் தேர்வுகளுக்கு ஆயுள் உண்டு. கெடுவுக்குள் லைசன்ஸ் கைக்கு வராவிட்டால் தேர்ச்சி காலாவதியாகும். முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டும். அக்கா விடுமுறைகளை எல்லாம் சேமித்து, மாதச் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளி எட்டிய இடம் அது. இரண்டாம் முறை எட்ட அவரிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அப்போதுதான் ஊர் அடைக்கப்பட்டது.

நான் படிப்புக்காகச் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் வரவேற்பறையில் கணினியும் மூன்று திரைகளும் வைத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உலகம் முழுக்கப் பாவனையாகப் பறந்தார். சித்தி தேநீர் கொண்டுவந்தால், "டேபிள்ல வை, லேண்டிங் போயிட்டிருக்கு" என்பார். "நான் என்ன ஏர் ஹோஸ்டஸா? வாஷிங் மெஷின் ஒரு வாரமா லேண்ட் ஆவாம நிக்குது, அதைப் பாருங்க" என்பார் சித்தி. அவ்வப்போது, எஞ்சினை ஓட்டாமல் போட்டால் துருப்பிடித்துவிடும் என்று, அனுமதி வாங்கிக்கொண்டு ஓடுபாதைக்குப் போய்வருவார். தரையில் நிறுத்தி ஓட்டிவிட்டு வருகிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அனுமதியும் அதற்கு மட்டும்தான்.

ஸ்டெல்லா அக்கா தொலைபேசியில் கேட்பார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்கும்.

"டாக்டர், எப்ப தொடங்கலாம்? நாள் போயிட்டே இருக்கு."

"யாருமே பறக்கலம்மா. வானத்தையே பூட்டிட்டாங்க. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான்."

கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வானம் திறந்தது. ஆனால் திரும்பி வந்த விமானிகள் பழையவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தனியாக வந்தார். வலது இருக்கையைக் கிருமிநாசினியால் துடைத்தார். அதில் யாரையும் ஏற்றாமல் கிளம்பினார். முதலில் தொற்றுப் பயம் என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். பிறகு, "நானே இன்னும் சரியா பழகலம்மா" என்றார் சித்தப்பா அக்காவிடம். அதுவும் உண்மைதான். முதல் தரையிறக்கத்தில் விமானம் தவளைபோல் தத்தியதையும், அந்த நொடியில் அவர் விரல் கணினியின் நிறுத்தப் பொத்தானைத் தேடியதையும் சிரித்துக்கொண்டே அவரே சொன்னார். கை பழகியது. சாக்கு மட்டும் போகவில்லை. முகக்கவரி போன பிறகும் இருக்கை காலியாகவே பறந்தது. ஞாயிறு போய், யாரும் வராத வாரநாள் வந்தது. கெடாவுக்குப் போய்ப் பசியாறுவது நின்று, கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, படம் பிடித்து, இறங்கி, யாரிடமும் பேசாமல் காடியை ஓட்டிக்கொண்டு வீடு போவது வழக்கமாயிற்று. நோய் அவர்களுக்குத் தனிமையைக் கற்றுத் தந்தது. அதில் சுகம் கண்டுகொண்டது அவர்கள் சொந்தத் திறமை.

அக்காவின் கெடு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் கிளப்பில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். மீண்டும் கூடியதைக் கொண்டாடவாம். அறிவிப்பாளன் நான். வரவேற்புரையைக் குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். "வானம் நமக்காகக் காத்திருந்தது" என்று ஒரு வரி. சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. அக்கா தன் கையால் செய்த பட்டர் கேக்கோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பாவிடம் நேரில் ஒரு தேதி கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

பிறகு சித்தப்பா எடுத்த படம் என்று ஒன்றைத் திரையிட்டார்கள்.

முதலில் பாலம். அத்தனை நீளப் பாலத்தில் ஒரு வாகனம் இல்லை. அடுத்து, படகு இல்லாத கடல். பார்த்த கணமே எல்லோருக்கும் தெரிந்தது, ஊர் அடைத்துக் கிடந்த நாள்களில் எடுத்தது என்று. பின்னணியில் வயலின் அழுதது. விமானம் கடலோரமாகச் சாய, சுங்கை பினாங் அடுக்குமாடிகள் வந்தன. கேமரா நெருங்கியது. சன்னல் சன்னலாக வெள்ளைத் துணிகள். வீட்டில் அரிசி இல்லாதவர்கள் உதவி கேட்டுக் கட்டிய துணிகள். அவற்றின் மேல் தங்க எழுத்தில் 'நம்பிக்கையின் கொடிகள்' என்று எழுதியிருந்தது.

கைதட்டினார்கள். நண்பரே, கைதட்டினார்கள்.

"எப்படிலா இவ்ளோ ஸ்டெடியா எடுத்தே?" என்று கேட்டார் இரும்புக்கடைக்காரர்.

"ரைட் சீட்டுல வெச்சி பெல்ட்டு போட்டுட்டேன். ஆளு மாதிரி உக்காந்திருந்திச்சி" என்றார் சித்தப்பா, முகமெல்லாம் பல்லாக.

ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

"வானத்தைப் பூட்டிட்டாங்கன்னு சொன்னீங்களே டாக்டர்?"

"அது மெயின்டெனன்ஸ்மா. எஞ்சின் கெட்டுப்போயிரும்ல."

"ஆறாவது மாடியில நீலக் கரை போட்ட துணி ஒண்ணு இருந்திச்சி. எங்கம்மாவோட மேசை விரிப்பு. வீட்டுல வேற வெள்ளைத் துணி இல்ல."

வங்கி மேலாளர் உச்சுக்கொட்டினார். "ஐயோ, பாவம்லா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னோமே சார். அதுக்குத்தானே கட்டினோம்."

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. எழுதி வைத்திருந்த நன்றியுரையை மடித்துப் பைக்குள் போட்டேன். "அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா அக்கா பக்கத்துல உக்காரப் போறது யாரு?" என்று கேட்டேன். பருந்தைக் கண்டு கத்திய அதே குரலில் கேட்டேன். இரண்டு பயிற்றுநர்களும் முன்வரிசையில்தான் இருந்தார்கள். ஜெரால்ட் அங்கிள் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். "இன்சூரன்ஸ் என்ன சொல்றான்னு பாக்கணும் தம்பி" என்றார். புல்வெளியில் நின்று ஐயரைப் பிடித்து ஏற்றிய அதே மனிதர்.

"பாக்கலாம், பாக்கலாம். டேய், மைக்கை வெச்சிட்டு சாப்பிட வா" என்றார் சித்தப்பா.

"விடு தம்பி" என்றார் அக்கா. "நான் வந்துட்டா பாவம் அந்தக் கேமரா எங்க உக்காரும்?"

அவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, தப்பித்த நிம்மதியில், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு அவர் கொண்டுவந்த கேக்கை வெட்டிச் சாப்பிட்டார்கள். மேடையில் எத்தனையோ தோல்விகளை விழுங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

தேதி யாரும் தரவில்லை. கெடு முடிந்தது, தேர்ச்சிகள் செத்தன. அக்கா இன்று அதே அலுவலகத்தில் பிறருடைய சரக்குகளை விமானமேற்றிக்கொண்டிருக்கிறார். ஓடுபாதைக்குத் திரும்பவில்லை. புல்வெளியில் கத்தும் குரல் இல்லை. கெடாவின் ஒட்டுக்கடைக்காரர் கோப்பிப் பட்டறையைச் சாலையோரத்துக்கு மாற்றிவிட்டாராம். வானத்திலிருந்து இப்போது அவருக்கு வாடிக்கை இல்லை. எடை குறையட்டும் என்று சில விமானங்களில் வலது இருக்கையையே கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். அந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். பத்து வயதில் நான் உட்கார்ந்து உலகத்தை முதன்முதலாக மேலிருந்து பார்த்த இடம்.

விருந்து முடிந்து பாலத்தின் மேல் வீடு திரும்பினோம். சித்தப்பா காடியை ஓட்டியபடி அந்த வயலின் மெட்டைச் சீழ்க்கையடித்தார். "அக்காவுக்குக் கொஞ்சம் கோவம். சரியாயிரும்" என்றார். "நீ அடுத்த வாரம் வாடா. உனக்காகக் கேமராவை எடுத்துடறேன்."

கீழே கடல் கிடந்தது. மேடையில் பேசுவதுபோல் நிறுத்தி, தெளிவாக, உரக்கச் சொன்னேன்:

"நீங்க ரைட் சீட்டுல உக்காந்து, ஸ்டெல்லா அக்கா உங்களை ஓட்டிக்கிட்டுப் போற வரைக்கும், உங்க பிளேன்ல நான் கால் வைக்க மாட்டேன் சித்தப்பா."