தண்ணி நண்டும் தம்பியின் நிறையும்

கிராம சேவகரின் படிவத்தில் சித்தி பரீதா என்பவரைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. வயது: ஐம்பத்திரண்டு. கல்வி: ஐந்தாம் ஆண்டு. தொழில்: இல்லை, சகோதரனில் தங்கி வாழ்பவர்.

அந்தச் சகோதரன் இன்பாஸ், முச்சக்கர வண்டி ஓட்டுபவன், நோயில் விழுந்த நாளிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது பரீதாவின் இல்லாத தொழிலால்தான். கிண்ணியாவில் களப்பு என்னும் கடலேரியின் ஓரத்து வளவில் வலைகாரரிடம் நண்டு நிறுத்து வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார். ஓடு கழற்றிய நண்டு சில நாட்களுக்குச் சதை இல்லாமல் தண்ணீரைச் சுமந்து திரியும். தராசில் அது கொழுத்த நண்டாகவே நடிக்கும். பெருவிரலால் அழுத்தினால்தான் குட்டு வெளிப்படும். தண்ணி நண்டு என்பார்கள். அப்படியொன்றைப் பரீதாவிடம் தள்ளிவிட்டதாகப் பெருமை பேசக்கூடியவர் ஊரில் எவருமில்லை.

இன்பாஸுக்கு வந்தது இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. வெள்ளை அணுக்கள் முற்றாமல் பிஞ்சிலேயே நின்று பெருகும். அதற்கென்று விட்டமின் ஏ-யின் வழிவந்த, விழுங்கும் குளிசை ஒன்று உண்டு. அது அந்தப் பிஞ்சுகளை முற்றவைக்கிறது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்து, இரத்தம் தேறியதும், குளிசையோடு வீட்டுக்கு விட்டார்கள். வாசலில் தாதி புஸ்பராணி பரீதாவை நிறுத்தினார்.

"ஒவ்வொரு நாளும் நிறை பாருங்கோ அக்கா. தண்ணி கட்டி நிறை ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடன கொண்டு வரவேணும். முற்றின அணுக்கள் சில வேளை ஒண்டா வெளிக்கிட்டு உடம்புக்குள்ள நெருப்பு மூட்டிப்போடும்."

"அப்ப அடிக்கடி கொண்டுவந்து காட்டட்டா?"

"சும்மா கொண்டு வராதீங்கோ. இஞ்ச சனம். ஒரு சளி தடிமன் தொத்தினாலே இவருக்குத் தாங்க ஏலாது."

வராவிட்டாலும் ஆபத்து, வந்தாலும் ஆபத்து. பரீதா அன்றிலிருந்து சரியாக உறங்கவில்லை. மற்றவர்களை விட்டமின் என்ற சொல்லே உறங்கவைத்துவிட்டது. இன்பாஸின் மனைவி ஷிஃபானா அதைக் கரட், பப்பாசி வகையில் சேர்த்துக்கொண்டாள். முழுப் பிழை என்றும் சொல்வதற்கில்லை. விட்டமின் ஏ-யின் உறவுகள் குடலிலுள்ள பாதுகாப்பு அணுக்களைச் சாந்தப்படுத்தி அழற்சியை அடக்குவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே உறவுதான் இந்த நோயாளியின் அணுக்களை முற்றவைத்து, அவை நுரையீரலுக்குள் புகுந்து அழற்சியைக் கிளப்பவும் வழிவிடுகிறது. ஒரே குடும்பத்தில் நெருப்பை அணைப்பவரும் மூட்டுபவரும் இருப்பது கிண்ணியாவில் யாருக்கும் புதினமல்ல.

நண்டுப் பெட்டி நிறுக்கும் தராசில் தம்பியை ஏற்றினார் பரீதா. அறுபத்தொரு கிலோ. மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் அறுபத்திரண்டு. நான்காம் நாள் அறுபத்து மூன்றரை. எல்லாவற்றையும் ஒரு பெட்டி மூடியில் எழுதி வைத்தார்.

பக்கத்து வளவு ஸெய்னுதீன் காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், மாப்பிள்ளைக் களை வந்திட்டு."

"ராத்தா என்னையும் பெட்டியில போட்டுக் கொழும்புக்கு அனுப்பப் போறா, காக்கா" என்றான் இன்பாஸ்.

"உன்னை எவன் வாங்குவான்" என்றார் பரீதா. அவர் சிரிக்கவில்லை. தம்பி சோறு தின்கிறான், கோழிச் சூப்புக் குடிக்கிறான். ஏறுவது சதையா, தண்ணீரா? தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை அறுபத்தைந்தரை. கிணற்றடியிலிருந்து கதிரைக்கு வருவதற்குள் இன்பாஸ் இரண்டு தரம் நின்றான். பரீதா அவன் முன்னால் குந்தி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். பள்ளம் அப்படியே கிடந்தது.

"தண்ணி" என்றார்.

"மதினி, மனுசன் இப்பதான் தேறி வாறாரு" என்றாள் ஷிஃபானா. "நீங்க நண்டு பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீங்க."

"ஓம். எனக்குத் தெரிஞ்சது அதுதான். உடுப்ப எடு."

இன்பாஸின் வண்டியையே காக்கா ஓட்டினார். பாலத்தில் ஏறும்போது இன்பாஸ் சாய ஏலாமல் முன்னுக்குக் குனிந்தே இருந்தான். "ராத்தா, இந்தக் குளிசைய நிப்பாட்டட்டா?"

"அத டொக்டர் சொல்லட்டும். நீ கதைக்காம மூச்ச விடு."

திருகோணமலையில் டொக்டர் பெட்டி மூடியை இரண்டு தரம் படித்தார். நெஞ்சைச் சோதித்தார். எக்ஸ்ரே படம் வரும்வரை காத்திராமல், அழற்சியை அடக்கும் ஸ்டெரொயிட் ஊசியைத் தொடங்கச் சொன்னார். இன்னொரு நாள் வீட்டில் வைத்திருந்தால் கதை வேறு என்றார். மூன்றாம் நாள் இன்பாஸ் மல்லாந்து படுத்து உறங்கினான். நிறை அறுபத்திரண்டு. சில நாள் நிறுத்தியிருந்த குளிசையையும் பிறகு தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரி அனுமதிப் படிவத்தில் பொறுப்பாளரின் தொழில் என்ற கட்டத்தில் "இல்லை" என்றே எழுதியிருக்கிறது. கிராம சேவகரின் கடிதத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

சித்தி பரீதா தம்பியை ஐந்து நாள் நண்டுத் தராசில் நிறுத்தார். ஐந்தாம் நாள் அவன் காலை அழுத்திப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.