குளிர் தணிந்த ஸ்டவுட்

மாப்பிள்ளைப் பையனை என் மகளே தேடிக்கொண்டாள். இருவருக்கும் குருண் டவுனில் ஒரே தொழிற்சாலையில் வேலை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்போக்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று அவர்கள் நாள் குறிக்கலாம் என்று சொன்னால் கல்யாணம். சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நானும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை.

என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. வருகிறவரோடு உட்கார்ந்து பேச வீட்டில் ஆண் இல்லை. எனக்கோ கடையில் சாமான் கேட்கவே குரல் எழும்பாது.

“அம்மா, அவங்க அப்பாவுக்கு ஸ்டவுட்டுன்னா உசுரு. ரெண்டு போத்தல் வாங்கி வச்சிரு லா” என்றாள் மகள்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் சீனர் கடையில் அந்தக் கறுப்பு பீரை வாங்கினேன். பேப்பரில் சுற்றி, கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தேன். முதல் நாளே ஐஸ்பெட்டியில் வைத்தேன். கிளாஸைக்கூட மேல்தட்டில் உறைய வைத்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஊற்றிக் கொடுத்ததும் பையனின் அப்பா ஒரு வாய் குடித்தார். கிளாஸை மேசையில் வைத்தார். பிறகு குடிக்கவில்லை. நாள் குறிக்கும் பேச்சையும் எடுக்கவில்லை. வீடு பிடிக்கவில்லையோ, அப்பா இல்லாத பெண் என்று யோசிக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“குடிங்களேன், என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்றார் அவர் மனைவி.

“இருக்கட்டும் லா. மெதுவா.”

அப்போதுதான் கவனித்தேன். கிளாஸை எடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். குளிரில் விறைத்த பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல.

எனக்கு நினைவு வந்துவிட்டது. மகள் பிறந்தபோது எஸ்டேட் வீட்டில், உடம்பு தேறுவதற்கென்று தினமும் சாயங்காலம் அரை கிளாஸ் ஸ்டவுட் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ச்சி ஆகாது என்று போத்தலை அரிசி டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கசப்புக்குப் பின்னால் தீய்ந்த சர்க்கரை வாசம் தெரிந்தது. பிறகு ஒருமுறை என் கணவர் ஐஸ் போட்டுக் கொடுத்தார். வெறும் கசப்பு. வாசம் இல்லை.

ஆனால் இதை எப்படிச் சொல்வது? சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால், நான் குடித்திருக்கிறேன் என்றா?

அடுப்படிக்குப் போனேன். இரண்டாவது போத்தலைக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய பேசின் பாத்திரத்தில் நிறுத்தினேன். அவ்வப்போது எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன், பால் புட்டியைப் பார்ப்பதுபோல. சில்லிப்பு போய், மெல்லிய குளிர்ச்சி மட்டும் மிஞ்சியதும் வேறு கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோனேன். நுரை பழுப்பாக எழுந்து நின்றது.

அவர் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“இதான் லா சரி! எப்படித் தங்கச்சி தெரிஞ்சுது உங்களுக்கு?”

வாயில் பொய் எதுவும் வரவில்லை. “பிள்ளை பெத்தப்ப குடிச்சிருக்கேன் அண்ணே” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அம்மா!” என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் மனைவி தொடையில் தட்டிச் சிரித்தார். “நானுந்தான்! மூணாவது பையன் பொறந்தப்ப இவரு போத்தலையும் சேர்த்துக் குடிச்சேன். இவர பாருங்க, வீட்டுல நான் ஐஸ்பெட்டில வச்சா அந்தக் குதி குதிப்பாரு. இங்க வந்து நல்ல பிள்ளை மாதிரி வாயத் தொறக்கல.”

“மொத தடவ வந்த வீட்டுல எப்படிச் சொல்றது?” என்றார் அவர். அவரும் என்னைப் போலத்தான் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மேசை ஓரத்தில் வைத்திருந்த முதல் கிளாஸையும் எடுத்துக் குடித்தார். “இதுவும் இப்ப பதமாயிருச்சு. சரி, தை மாசத்துல நாள் பார்ப்போமா, சம்பந்தி?”

மகள் இப்போது மெர்போக்கில் இருக்கிறாள். சம்பந்தி வீட்டார் இங்கே வரக் காரில் ஏறியதும் எனக்குப் போன் செய்வாள். நான் போத்தலை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பேன். வாசலில் கார் நிற்கும்போது குளிர் சரியாகத் தணிந்திருக்கும்.