எந்தச் சந்து?

இன்று டிராமில் என் அக்கா மகன் செல்வம் என் தோளில் சாய்ந்து தூங்கி வழிந்தான். வயது பதினாறு. நேரமோ பட்டப்பகல்.

விழித்தபோதெல்லாம் மூக்கைச் சொறிந்தான். கண்ணின் பாவை கடுகாகச் சிறுத்திருந்தது. சட்டையில் தீய்ந்த வெல்லம் போல ஒரு வாடை.

"காலையில எங்கடா போனே?"

"கூட்டாளிங்களோட சந்துல இருந்தேன், சின்னம்மா."

ஏதோ சந்தில் பந்து அடித்த களைப்பு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்கு வேறு எந்தச் சந்து தெரியும்?

எதிரே இருந்த அம்மாள் பினாங்கிலேயே பிறந்தவர் போல. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சின்னத் தெருவ இங்க யாருலா சந்துங்கிறா? லோரோங்னுதான் சொல்வோம். சந்துன்னா புகைக்கிற அபின்."

செல்வத்தைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. மூக்குக்குப் போன கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

பொய் சொன்னான் என்று அடிக்கவும் வழியில்லை. கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னான்!

நேற்று பாசாருக்குப் போனதாகச் சொன்னான். பினாங்குக்காரர்களே, பாசார் என்றால் இங்கே சந்தைதானே? யாராவது சொல்லுங்கள்.