அவர் பையை நான் கட்டுவேன்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, கிரீஸும் தூசியுமாக வெளியே வருவார். மேல்மாடியிலிருந்து "இன்னுமா சரியாகலை?" என்று கத்துவார்கள். பதில் வராது. வேலை முடிந்தால் லிஃப்ட் மேலே போகும். அதுதான் பதில். வீட்டிலும் இதே கதைதான். "உப்பு போதுமா?" என்று கேட்டால் ஒரு தலையாட்டல். போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம், போதாது என்றும் வைத்துக்கொள்ளலாம். ஊமைக்கோட்டான் என்று நான் பெயர் வைத்தேன். எனக்கோ பெண்களுக்கு முடி வெட்டும் கடை. அங்கே கத்தரியைவிட என் வாய்க்குத்தான் வேலை அதிகம். அவர் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. ஜாடிக்கேற்ற மூடி என்று என் அம்மா சிரிப்பாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே அவராக வாயைத் திறந்தார். "வருஷம் பூரா மேலயும் கீழயுமே போறேன். ஒரு தடவை நேரா போகணும்." அவ்வளவுதான். அடுத்த வாரம் வாசலில் இரண்டு பழைய சைக்கிள்கள் நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் நான் கடையைப் பூட்டுவேன், அவர் லீவு எடுப்பார். பெடல் மிதித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பொழுது சாய்ந்தால் ஆற்றங்கரையிலோ தோப்பிலோ கேட்டுக்கொண்டு கூடாரம் அடிப்போம். வெயிலில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எங்களுக்கு அந்த நாட்கள்தான் மற்ற மாதங்களைத் தள்ள வைத்தன.

முதல் பயணத்திலேயே சண்டை. என் பையில் மூன்று சீப்பு எதற்கு என்றார் அவர். உங்கள் பையில் ஏழெட்டு ஸ்பேனர் எதற்கு என்றேன் நான். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவரவர் சாமானைக் கூடத்தில் குவித்து வைக்க வேண்டியது. அவர் பையை நான் கட்டுவேன், என் பையை அவர் கட்டுவார். அடுத்தவர் கட்டினால்தான் வேண்டாததை ஈவிரக்கம் இல்லாமல் தூக்கி எறிய முடியும். இத்தனை வருஷத்தில் இந்த முறை ஒருதடவைகூட எங்களைக் கைவிட்டதில்லை.

போன குளிர்காலத்தில், குழியிலிருந்து மேலே வந்தவர் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்த வாட்ச்மேன்தான் எனக்குப் போன் பண்ணினார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு நாளாகவே வலி இருந்ததாம். என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை, படுபாவி.

கோடை நெருங்கியபோது டாக்டரிடம் கேட்டோம். "சைக்கிள் தாராளமா ஓட்டலாம். ஏற்றத்துல மட்டும் உடம்பு சொல்றதைக் கேட்டு நடந்துக்கங்க" என்றார்.

"டாக்டர், இவர் உடம்பும் இவரை மாதிரிதான். வாயே திறக்காது" என்றேன். டாக்டர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மகள் போனில் குதித்தாள். "ரோட்டுல அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா பண்ணுவ?" அந்தப் பயம் எனக்கும்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கம்பெனியில் அவரைக் குழிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லி, ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைத்திருந்தார்கள். இவரை! போன் எடுக்க! சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்ட அன்றுதான் பழையபடி சீழ்க்கையடித்தார். இதையும் பிடுங்கிவிட்டால் மனுஷன் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போவார். சரி, கூட்டிக்கொண்டு போவோம், பாரத்தை மட்டும் குறைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

கூடத்தில் இரண்டு குவியலும் வந்தன. அவர் பைக்குத் துணிமணி, மருந்து, டார்ச் இவற்றோடு நிறுத்திக்கொண்டேன். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் என் குவியலுக்குத் தள்ளினேன். மிச்சம் இருந்தது கூடாரக் கம்பிகள். பழைய இரும்புக் குழாயை அறுத்து அவரே செய்தவை. கனமென்றால் அப்படியொரு கனம். எப்போதும் அவர் சைக்கிளில்தான் வரும். அதையும் என் பக்கம் நகர்த்தினேன். டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால், கம்பிகள் அவர் பக்கம் இருந்தன. மறுபடி நகர்த்தினேன். மறுபடி திரும்பி வந்தன. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நான் அவற்றைப் பழைய போர்வையில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் ஒளித்தேன், கிளம்பும்போது என் சைக்கிளில் கட்டிக்கொள்ளலாம் என்று. காலையில் பார்த்தால் அங்கே இல்லை. ஊமைக்கோட்டான் முந்திக்கொண்டது, கூடாரத் துணிச் சுருளுக்குள் சொருகித் தன் சைக்கிளில் கட்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நான் ஒளித்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

முதல் நாள் சமதரை, நல்ல நிழல். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு ஏரிக்கரையில் இறங்கினோம். அவர் கூடாரத் துணியை விரித்தார். நான் அடுப்பை எடுத்து வைத்தேன்.

"கம்பி எங்க?" என்றார்.

"என்னைக் கேக்குறீங்க? உங்ககிட்டதானே இருக்கு?"

"என்கிட்டயா? நீதானே எடுத்துக்கிட்டே?"

விஷயம் என்னவென்றால், கதவுக்குப் பின்னால் நான் ஒளித்ததை அவர் கண்டுபிடித்து, மாடிப்படிக்கு அடியில் ஒளித்திருக்கிறார். கிளம்பும் அவசரத்தில் என் சைக்கிளில் நீளமாகச் சுருட்டிக் கட்டியிருந்த பாயைப் பார்த்துவிட்டு, நான்தான் கம்பிகளைத் தேடி எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாராம். அவரும் கேட்கவில்லை. கம்பிகள் மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் இந்தக் கூத்து நடக்காது.

சிரித்திருக்க வேண்டிய இடம். அவர் முகம் சுண்டிப்போனது. "என் பை காலியா இருக்குறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எடையோட மல்லுக்கட்டுறதுதான் என் தொழிலு. முதல் மிதியிலேயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, வாங்க வீட்டுக்குத் திரும்பலாம்னு சொல்லுவே. ஆபீஸ்ல நாற்காலி போட்டுட்டாங்க. நீயும் ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சுடாதே."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கையிலிருந்த கரண்டியைத் தரையில் வீசினேன். "ரெண்டு நாள் வலியை வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. நாளைக்கு மேட்டுல வலிச்சாலும் இப்படித்தான் கம்முன்னு மிதிப்பீங்க. பின்னாடி வர்ற எனக்கு உங்க முதுகுதான் தெரியும். முதுகைப் பாத்து நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? நீங்க இல்லாம நான் யார்கிட்ட கத்துறது?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. இரண்டு சைக்கிளையும் எதிரும் புதிருமாக நிறுத்தி, இரண்டு மரங்களோடு சேர்த்துக் கட்டி, நடுவில் கயிறு இழுத்து, அதன்மேல் துணியைப் போட்டார். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அன்று அதற்குள்தான் படுத்தோம். புரண்டால் பெடல் விலாவில் இடித்தது. அவர் கை மட்டும் என் தலையில் இருந்தது.

காலையில் நான் கண் விழித்தபோது எல்லாச் சாமானும் புல்லில் கிடந்தது. அவரே பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் எல்லாம் அவர் பைக்குள் போயின. என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் ஏற்றம். மலை என்று சொல்ல முடியாது, ஆனால் வளைந்து வளைந்து முடிவே இல்லாமல் ஏறும் சாலை. அவர் முன்னால், நான் பின்னால். முதல் வளைவில் அவர் கழுத்தில் வேர்வை. வெயிலுக்கு எல்லோருக்கும்தான் வேர்க்கும். இரண்டாவது வளைவில் சீழ்க்கை நின்றது. நிறுத்துங்க என்று கத்தத் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் வீம்புக்கு இன்னும் வேகமாக மிதிப்பார். ஒருவேளை நின்றாலும், எனக்காக நின்றதாகத்தான் இருக்கும். அடுத்த மேட்டில் மறுபடி நான்தான் கத்த வேண்டும், வாழ்நாள் முழுக்க. எனக்கு வேண்டியது அது இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்தபடி மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

மூன்றாவது வளைவில் அவர் சைக்கிள் தள்ளாடியது. ஒரு காலைத் தரையில் ஊன்றினார். இறங்கி, சைக்கிளைச் சாலையோரக் கட்டைச்சுவரில் சாய்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து நின்றார். நான் கிட்டத்தட்ட விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

"வலியெல்லாம் இல்ல" என்றார். "மூச்சு வாங்குது. கொஞ்சம் ஜாஸ்தியாவே வாங்குது." தண்ணீர் குடித்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், பையின் வாரை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஏம்மா, இதுல பாதியை நீ எடுத்துக்கிறியா? என்னால முடியலை."

ஏணியைப் பிடித்துக்கொள் என்றுகூட என்னைக் கேட்காத மனுஷன். எனக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. நான் உருகினால் அவர் வாரைத் திரும்பக் கட்டிவிடுவார் என்று தெரியும்.

"ஏன், நான் என்ன பொதி கழுதையா?" என்றேன்.

"ஆமா" என்று சிரித்தார். அடுப்பை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் கேனைக் கொடுத்தார். பாத்திரத்தையும் நீட்டியபோது, "அது உங்க பங்கு, வைங்க உள்ளே" என்றேன். மறுபேச்சில்லாமல் வைத்துக்கொண்டார்.

மூச்சு சீராகும்வரை சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஏறினோம். மிச்ச மேடு முழுக்க என் சைக்கிள் இரும்பாய்க் கனத்தது, தொடை இரண்டும் விண்ணென்று தெறித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.