ஹொல்ம்லியா வருவதற்குள் ஒரு பதில்

இன்று மாலை ரயிலில் ரெஜினா என் எதிரே வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் மனைவியோடு நோர்வேஜிய மொழி வகுப்பில் படித்தவர். ஏழு மாத வயிறு.

“அண்ணா, நீங்கள் பன்றிக் காய்ச்சலைப் பற்றித்தானே ஆராயுறீங்கள்? நாளைக்கு எனக்கு ஊசி. போடலாமோ, விடலாமோ? இன்ரநெற்றிலை வாசிச்சு வாசிச்சு ஒரே பயமாக் கிடக்கு.”

கர்ப்பிணிகளை இந்தக் காய்ச்சலும் அதற்கான தடுப்பூசியும் என்ன செய்கின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. முடிவு கையில் இருக்கிறது. ஆனால் இதழில் வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. ரெஜினா வாசித்த வதந்திகளுக்கு அப்படி எந்தக் கட்டளையும் கிடையாது.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று நழுவினேன்.

“போடச் சொல்லித்தான் சொன்னவர். என்ரை மனிசன்தான் வேண்டாமெண்டு நிக்கிறார். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோவன்.”

“கட்டுரை இன்னும் வெளிவரலைங்க. ஏப்ரல் ஆகலாம்.”

“அதுக்குள்ள பிள்ளை பிறந்திடும், அண்ணா.”

பெட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அப்படியும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் இறங்க வேண்டிய ஹொல்ம்லியா நிலையம் வந்துவிட்டது. எழுந்து போனவர் கதவருகே நின்று திரும்பினார்.

“உங்கட வீட்டிலை அக்காவும் பிள்ளைத்தாச்சி எல்லோ? அவவுக்குப் போட்டாச்சோ?”

“போட்டாச்சுங்க. வரிசையில முதல் ஆளா நிக்க வச்சேன்.”

“அப்ப சரி. நானும் போடுறன்.”

கதவு மூடியது.

பேராசிரியரே, ஆய்வைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் மனைவி ஊசி போட்டுக்கொண்ட சேதியும் முதலில் இதழுக்குத்தான் போக வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.