நாய்க்காக மாமனார் வீட்டுக்குப் போனவர்

எங்கள் நைனாவுக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று ஆறிப்போன காப்பி, இன்னொன்று மாமனார் வீட்டில் தங்குவது. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சைக்கிள் தூரத்தில் ஒரு ஆரணி. அங்கே அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் பொங்கல், தீபாவளி, நல்லது கெட்டது என்று எத்தனையோ தடவை போயிருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சைக்கிளை எடுத்துவிடுவார். மாமனார் வீட்டில் படுத்து எழுந்தவனை ஊர் மதிக்காது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனுஷன் எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மாதக் கணக்கில் அங்கே போய் இருந்தார். எங்கள் நாய்க்காக.

எங்கள் வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு மேற்கே, வயல்களை ஒட்டி இருந்தது. நெல் நிலத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். நைனா கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். தினமும் ஸ்டேஷன் வரை சைக்கிள், அப்புறம் ரயில். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டால் போதும், நாய் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து ஸ்டேஷன் வரை கூடவே ஓடுவான். நாயை நாங்கள் அவன் இவன் என்றுதான் சொல்வோம். சாயந்திரம் ரயில் ஊதினால் மறுபடி ஓடிப்போய் அவரைக் கூட்டிவருவான். செம்பட்டை நிறத்தில் சாதாரண நாட்டு நாய். ஆனால் அவன் ஓடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கால் தரையில் படுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அந்த வருஷம் கதிர் முற்றும் நேரத்தில் அவன் பாதி வழியிலேயே நின்றுவிட்டான். இருமல். எலும்பு சிக்கியிருக்கும் என்று அம்மா வாயைப் பிளந்து கையை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அவனைப் பட்டணத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நூலிழை போல என்னவோ நெளிந்தது. இதெல்லாம் குஞ்சு, பெரிய புழுக்கள் இதயத்துக்குள் இருக்கின்றன என்றார். கொசுக்கடியில் வருமாம்.

சும்மா விட்டால் வயிற்றில் நீர் கட்டி, மூச்சு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவான். ஊசி போடலாம். ஆனால் அந்த மருந்தே பாஷாணம். அது புழுவைக் கொன்றதும், செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலில் போய் அடைக்கும். அது கரைய ஒரு மாதமோ மேலேயோ ஆகும். அதுவரை அவன் ஓடக்கூடாது, துள்ளக்கூடாது. ஒரே ஒரு ஓட்டத்தில்கூட உயிர் போகலாம். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "ஓடாம வெச்சிருக்க முடியும்னா சொல்லுங்க, போடறேன். முடியாதுன்னா வேணாம்" என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்தோம். யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? தெரு நாய்க்கெல்லாம் ஊசியா, ஏரிக்கரையில் விட்டுவிட்டு வேறு குட்டி தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசி போட்டுக் கட்டிவைக்கலாம் என்றேன் நான். முன்பு ஒரு முறை கட்டிவைத்தபோது, நைனா கிளம்பும் நேரத்தில் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண்ணாக்கிக்கொண்டான். அது ஓட்டத்தைவிட மோசம் என்றார் நைனா. சைக்கிளை விட்டு நடந்து போனாலும் மோப்பம் பிடித்துவிடுவான். அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா அரிசி களைந்துகொண்டே முடிவைச் சொன்னாள்.

"அவன அடக்க முடியாது. நீங்கதான் நவுரணும். எங்க அண்ணன் ஊட்ல இருந்துக்கினு வேலைக்குப் போங்க."

வேறு நாளாக இருந்தால் தட்டு பறந்திருக்கும். நைனா அவ்வளவு கோபக்காரர். அன்று எழுந்து போய் நாயின் பக்கத்தில் குந்தினார். ரொம்ப நேரம் அவன் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஊசிக்கு நாள் கேட்டுக்கினு வரேன்" என்றார். அந்த மனுஷனுக்குப் பிறந்தோமே என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஊசி போட்டு முடிந்ததும் நைனா ஆஸ்பத்திரியிலிருந்தே துணிப்பையோடு ஆரணிக்குப் போய்விட்டார். நாங்கள் நாயைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் மேல் படுக்கவைத்தோம்.

ஊர் சும்மா இருக்குமா? புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு, அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று கதை கட்டியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவின் பங்காளிகள் வெற்றிலை பாக்கோடு சமாதானம் பேச வந்துவிட்டார்கள். அம்மா நாய் விஷயத்தைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. நீதான் விட்டுக்கொடுத்துப் போகவேண்டும் என்று அதில் மூத்தவர் குரலை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க மாமா, அவன் எழுந்துப்பான்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அத்தனை மீசைக்காரர்களும் குசுகுசுவென்றே பஞ்சாயத்துப் பேசிவிட்டுப் போனார்கள். நாய்க்காகப் புருஷனைத் துரத்தியவள் என்று அம்மாவுக்குப் பேர் வந்தது. அவள் அறுப்புக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டாள். ஆரணி டீக்கடையில் நைனாவை 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று கிண்டல் செய்கிறார்கள் என்று அம்மாவின் அண்ணன் வந்து சொன்னார். நைனா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாராம்.

அந்த வாரமே நாய்க்குக் காய்ச்சல் கண்டது. இருமலில் ரத்தம் வந்தது. இது வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், தாண்டினால் பிழைப்பான் என்றும். நான்தான் மனசு கேட்காமல் கம்பெனிக்குப் போகிறவர் ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். மத்தியானம் நைனா காக்கி உடுப்போடு வரப்பு வழியாக நடந்து வந்தார். கொட்டகைக்கு வெளியே அவரைப் பார்த்ததும் உள்ளே வராதீர்கள் என்று அம்மா கையைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, மண்சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாயின் மூக்கு உயர்ந்தது. வால் வைக்கோலில் அடித்தது. முன்கால்களை ஊன்றி எழப் பார்த்தான். அம்மா அமுக்கியும் அடங்கவில்லை. அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"எங்கயும் போவலடா. படு."

சுவரைப் பார்த்தபடியே தலையைச் சாய்த்துக்கொண்டான். வெயில் இறங்கும்வரை நைனா அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் நாயின் இருமல் அடங்கிச் சத்தமே இல்லாமல் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைத்திருப்பார் என்று அம்மாவுக்குச் சட்டென்று உறைத்தது. சுற்றிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன். நைனா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, நாய்க்குக் கேட்காதபடி அழுதுகொண்டிருந்தார். "தூங்கறான்" என்றாள் அம்மா. அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து போனார்.

அறுப்பு முடிந்து வெகு நாள் கழித்து, மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, இனிமேல் பயமில்லை என்றார் டாக்டர். நைனாவுக்கு ஆள் அனுப்பினோம். சாயந்திரம் அறுத்த தாள் மட்டும் நின்ற வயலின் அந்தக் கோடியில் அவர் தலை தெரிந்தது. அவன் கிளம்பிவிட்டான். டாக்டர் சொன்னது நைனாவுக்குத் தெரியும், நாங்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். ஆனாலும் "ஓடாதடா, ஓடாதடா" என்று கத்திக்கொண்டு, அவன் ஓடவேண்டிய தூரமாவது குறையட்டும் என்று பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நைனா அவனை நோக்கித் தலைதெறிக்க ஓடிவந்தார்.