பார்த்தீங்களா, கேட்டீங்களா?

தேவகுமாரி டீச்சரின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. அப்பா மலைமேல் அட்டுவம்பட்டியில் காட்டு வேலைக்குப் போய்த்தான் மகளைப் படிக்கவைத்தார். படித்தும் அரசாங்க வேலை வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கழகம் சம்பளம் போட்டு, பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்த வைத்திருந்தது. கழகத்துத் தலைவர் கேரட் வியாபாரி இராமலிங்கம். அவர் வை என்றால் வேலை, எடு என்றால் வீடு.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம் அது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் நோட்ஸில் உள்ளதையே ஒப்பித்தார்கள். கடுப்பாகிப்போன டீச்சர், பஜாரில் அப்பாஸ் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனார். மதுரைக்காரர் ஒருவர் நிஜமாக நடந்த குற்றங்களைப் பேசிப் பதிந்து, பகுதி பகுதியாக இன்டர்நெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாட்காஸ்ட் என்று பெயராம். அதில் ஒன்றைச் சிடியில் ஏற்றித் தரச் சொன்னார் டீச்சர்.

"பாட்டு ஏத்தக் கேப்பாங்க, படம் ஏத்தக் கேப்பாங்க. கொலைய ஏத்திக் குடுங்கன்னு வந்த மொத டீச்சர் நீங்கதாங்க" என்று சிரித்துக்கொண்டே அப்பாஸ் சிடியைக் கொடுத்தார்.

கீழ்மலைக் காபித் தோட்டம் ஒன்றில் காவல்காரர் செத்துக் கிடந்த வழக்கு அது. கால்சட்டையில் ரத்தம் இருந்ததென்று ஒரு கூலியாளைப் பிடித்துப்போனார்கள். அந்த இடத்தில் டீச்சர் வகுப்பில் ஓடிய சிடியை நிறுத்தினார்.

"ரத்தம் எப்பிடி வந்திருக்கும்?"

கீழ்மலை ஆடலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த யோகேஷ் எழுந்தான். "டீச்சர், அது மழைக்காலம். எங்க ஊர்ல அந்த மாசத்துல எல்லார் கால்லயும் ரத்தந்தான். அட்டை கடிச்சா வெரசா நிக்காதுல்ல? அப்பிடிப் பாத்தா எங்க அப்பாவைத் தினமும் பிடிக்கணும்!"

வகுப்பே சிரித்தது. அது யாருடைய ரத்தம் என்று எவரும் சோதித்திருக்கவில்லை. அன்றிலிருந்து டீச்சர் ஒரு பழக்கம் வைத்தார். யார் எதைச் சொன்னாலும், அதைக் கண்ணால் பார்த்தாரா, பிறர் சொல்லிக் கேட்டாரா என்று முதலில் பிரிக்க வேண்டும். அப்புறந்தான் பதில் எழுத வேண்டும்.

வினை அங்கேதான் பிடித்தது. தலைவர் இராமலிங்கத்தின் மகள் இந்துவும் அதே வகுப்பு. கேரட் கழுவும் இடத்தில் ஒருநாள் ஒரு மூட்டை குறைந்தது. கூலியாள் மூக்கையாதான் தூக்கிவிட்டார் என்று இராமலிங்கம் கத்த, இந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நீங்க பாத்தீங்களா? யாராச்சும் சொல்லிக் கேட்டீங்களா?"

மறுநாள் அந்த மூட்டை லாரியிலேயே கிடந்தது. இராமலிங்கம் மூக்கையாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினார்.

"கொலைக் கதை போட்டுப் பிள்ளைகளைக் கெடுக்குறாங்க. டீச்சரம்மா, இனிமே இல்லேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுருங்க. விட்டுர்றேன்."

அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தேவகுமாரி வீட்டில் உலை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"கேக்க மாட்டேன் ஐயா. வேலைய எடுக்கணும்னா எடுங்க. எடுக்குற காரணத்தை மட்டும் சரியாச் சொல்லுங்க. எந்தப் பிள்ளை கெட்டுச்சு?"

"ஊரே சொல்லுது!"

"ஊர்ல யாரு? நீங்க கேட்டீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே கொத்தாக நின்ற பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். இராமலிங்கத்தின் முகம் அவர் விற்கும் பீட்ரூட் மாதிரி ஆனது.

"டீச்சர் வேண்டாங்கிறவங்க கையத் தூக்குங்க!"

இரண்டு கை எழுந்தது. இரண்டுமே அவரிடம் லாரி ஓட்டுகிறவர்களின் கை. கடைசி மகனுக்காகக் கூட்டத்துக்கு வந்திருந்த மூக்கையா பின்வரிசையில் எழுந்தார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத பேத்தி, அவர் தோளில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பேத்தி வந்ததிலிருந்து மனுசனுக்குத் தரையில் கால் பாவவில்லை. போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

"என்னையத் திருடன்னு சொன்னப்ப, பெரியாளுக ஒருத்தரும் வாயத் தெறக்கலங்க. ஒங்க மகதான் தெறந்துச்சு. அந்த வாயக் குடுத்தது இந்த டீச்சரு. நாளைக்கு என் பேத்திக்கும் இவுகதான் பாடம் நடத்தணும். போவச் சொன்னா, நாங்க எல்லாரும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கூடவே போவோம்."

"ஆமா, போவோம்" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் பல குரல்கள்.

"என்னமோ பண்ணித் தொலைங்க" என்று துண்டை உதறிக்கொண்டு இராமலிங்கம் வெளியேறினார். வாசலில் இந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவரைப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

திங்கட்கிழமை தேவகுமாரி வெள்ளனே வந்து ஸ்பீக்கரை மாட்டினார். வராந்தாவில் மூக்கையா பேத்தியோடு குந்தியிருந்தார்.

"என்னண்ணே, சோலிக்குப் போகலையா?"

"போவணும் டீச்சர். அந்தக் காபித் தோட்டத்து ஆள விட்டுட்டாங்களா இல்லியா? அதச் சொல்லுங்க, போயிர்றேன்."

"நான் சொன்னா அது கேட்டதாப் போயிரும்ணே. உள்ள வாங்க."

மூக்கையா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.